வாதங்களுக்குத் தரவரிசை: இணைய விவாதத் தளங்களின் கணக்கும் எல்லையும்

சர்ச்சைக்குரிய ஒரு கேள்விக்கு ஆதரவாகவும் எதிராகவும் எழும் வாதங்களைப் பலரிடமிருந்து திரட்டி, அவற்றை மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டும் ஏற்பாடே இணைய விவாதத் தளம். அது செய்யும் வேலைகள் மூன்று. நீண்ட பேச்சைத் தனித்தனி வாதங்களாகப் பிரிப்பது முதல் வேலை. எந்த வாதம் எதைத் தாங்குகிறது, எதைத் தாக்குகிறது என்று இணைப்பது இரண்டாவது. எது முதலில் நிற்க வேண்டும் என்று வரிசைப்படுத்துவது மூன்றாவது. பல்லாயிரம் பேர் எழுதும் இடத்தில், வந்து படிப்பவர் முதல் சில வாதங்களைத்தான் படிப்பார். ஆகவே வரிசையைத் தீர்மானிக்கும் கணக்கு, விவாதத்தின் போக்கையே தீர்மானிக்கும் வலிமை பெற்றுவிடுகிறது.

‘மேலான வாதம்’ என்பதற்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. அதிகம் பேர் ஏற்கும் வாதம் மேலானது என்று கொள்ளலாம். எதிர்வாதங்களுக்கு ஈடுகொடுத்து நிற்கும் வாதம் மேலானது என்றும் கொள்ளலாம். எதிரெதிர்த் தரப்பினர் இருவருமே ஒப்புக்கொள்ளும் வாதம் மேலானது என்பது மூன்றாவது பொருள். ஒரே வாதம் இம்மூன்று அளவுகோல்களிலும் முதலிடம் பெற வேண்டிய கட்டாயம் இல்லை. ஒவ்வோர் அளவுகோலுக்கும் தனிக் கணிதம் உருவாகியிருக்கிறது. ‘நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் நெரிசல் கட்டணம் வசூலிக்கலாமா?’ என்ற கேள்வியை எடுத்துக்காட்டாகக் கொண்டால் இந்த வேறுபாடுகள் தெளிவாகும். சிங்கப்பூர் 1975-இலும் லண்டன் 2003-இலும் இத்தகைய கட்டணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. பல நகரங்களில் அது இன்றும் காரசாரமாக விவாதிக்கப்படுகிறது.

வாதத்தைப் பிரித்து இணைத்தல்

வாதங்களை வரைபடமாகத் தீட்டும் முயற்சி கணினிக்கு முந்தையது. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் ஹென்றி விக்மோர், ஒரு வழக்கின் சாட்சியங்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து முடிவைத் தாங்குகின்றன என்பதைக் குறியீடுகளும் கோடுகளும் கொண்ட படமாக வரையும் முறையை 1913-இல் வெளியிட்டார். பிரிட்டிஷ் மெய்யியலாளர் ஸ்டீபன் டூல்மின் 1958-இல், ஒரு வாதத்துக்குள் ஆறு உறுப்புகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்: முடிவு, அதற்கான தரவு, தரவிலிருந்து முடிவுக்குச் செல்ல அனுமதிக்கும் பொதுவிதி, அவ்விதிக்கான ஆதாரம், முடிவின் உறுதியளவு, விதிவிலக்கு. பெரும்பாலான சச்சரவுகளில் தரவும் முடிவும் வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. இரண்டையும் இணைக்கும் பொதுவிதி சொல்லப்படாமல் மறைந்திருக்கிறது, உண்மையான கருத்து வேறுபாடும் பெரும்பாலும் அங்கேயே ஒளிந்திருக்கிறது. ‘கட்டணம் வைத்தால் கார்கள் குறையும், எனவே கட்டணம் வேண்டும்’ என்பதில் ‘கார்களைக் குறைப்பது அரசின் கடமை’ என்ற விதி மறைந்துள்ளது. எதிர்ப்பவர் தரவை மறுக்காமல் இந்த விதியை மட்டும் மறுக்கக்கூடும்.

நகரத் திட்டமிடல் போன்ற சிக்கலான பொதுப் பிரச்சினைகளைக் கூட்டாக ஆராய, ஹோர்ஸ்ட் ரிட்டல், வெர்னர் குன்ஸ் ஆகியோர் 1970-இல் ஓர் எளிய கட்டமைப்பை முன்வைத்தனர். அதில் பிரச்சினை, நிலைப்பாடு, வாதம் என மூன்றே வகை உண்டு. ஒவ்வொரு பிரச்சினையின் கீழும் சில நிலைப்பாடுகள், ஒவ்வொரு நிலைப்பாட்டின் கீழும் அதைத் தாங்கும் அல்லது மறுக்கும் வாதங்கள் என்று அது விரியும். இன்றைய விவாதத் தளங்கள் பலவற்றின் உள்ளமைப்பு இதன் வழிவந்ததே.

2017-இல் தொடங்கப்பட்ட கியாலோ தளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு ஒரு மையக் கூற்று மேலே நிற்கிறது. அதன் கீழ் ஒருபுறம் ஆதரவு வாதங்களும் மறுபுறம் எதிர்வாதங்களும் கிளைவிடுகின்றன. ஒவ்வொரு கிளையின் கீழும் அதை ஆதரிக்கவோ மறுக்கவோ புதிய கிளைகளைச் சேர்க்கலாம். ஒரு கூற்றில் ஒரே கருத்து மட்டும் இருக்க வேண்டும், அது தனக்கு நேர் மேலுள்ள கூற்றைப் பற்றியதாக இருக்க வேண்டும், ஏற்கெனவே சொல்லப்பட்டதை மீண்டும் எழுதக் கூடாது என்பவை அடிப்படை விதிகள். வாசகர் ஒரு வாதத்தைத் தமக்குப் பிடிக்கிறதா என்று மதிப்பிடுவதில்லை. அது தன் மேற்கூற்றை எவ்வளவு பாதிக்கிறது என்று ஐந்து படிகளில் மதிப்பிடுகிறார். இந்த வேறுபாடு முக்கியமானது. கட்டணத்தை எதிர்க்கும் ஒருவரும், ‘இது நெரிசலைக் குறைக்கும்’ என்ற வாதம் கனமானதுதான் என்று மதிப்பிட அங்கு இடம் உண்டு.

மர அமைப்பின் பெரும்பயன், திரும்பத் திரும்பப் பேசுவதை அது தடுப்பதே. காலவரிசையில் ஓடும் உரையாடலில் ஒரே வாதம் நூறு முறை வரும், ஒவ்வொரு முறையும் அதே மறுப்பு எழும். மரத்தில் அந்த வாதத்துக்கு ஓரிடம்தான். எல்லா மறுப்புகளும் அதன் கீழேயே சேரும். அதன் குறை, மனித உரையாடலின் வளைவு நெளிவுகள் அதற்குள் அடங்காமல் போவது. அனுபவம், கதை, ஆதங்கம் ஆகியவை கூற்று வடிவத்துக்கு எளிதில் மாறுவதில்லை.

வாக்குகளை எண்ணும் முறைகள்

வரிசைப்படுத்த எளிய வழி, ஆதரவு வாக்கிலிருந்து எதிர்ப்பு வாக்கைக் கழிப்பது. 1,000 பேர் வாக்களித்து 600 பேர் ஆதரித்த வாதத்துக்கு மிச்சம் 200. 160 பேர் வாக்களித்து 150 பேர் ஆதரித்த வாதத்துக்கு மிச்சம் 140. முதல் வாதத்துக்கு வாக்களித்தவர்களில் பத்தில் நால்வர் நிராகரித்தும் அதுவே மேலே நிற்கும். இம்முறை, வாதத்தின் தரத்தைவிட அது எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பதையே அளக்கிறது.

விகிதத்தை எடுத்துக்கொண்டால் வேறொரு கோளாறு தோன்றும். ஒரே ஒருவர் வாக்களித்து அவரும் ஆதரித்திருந்தால் விகிதம் 100 சதவீதம். 100 பேரில் 90 பேர் ஆதரித்த வாதம் அதற்குக் கீழே போய்விடும். இந்தச் சிக்கலுக்கான தீர்வை அமெரிக்க அறிஞர் எட்வின் வில்சன் 1927-இலேயே வேறொரு நோக்கத்துக்காகக் கண்டுபிடித்திருந்தார். குறைந்த மாதிரியிலிருந்து கிடைத்த விகிதத்தை வைத்துக்கொண்டு, உண்மையான விகிதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று கணக்கிடும் சூத்திரம் அது. அதன் கீழ் எல்லையைத் தரவரிசைக்கு எடுத்துக்கொண்டால், போதிய வாக்கு கிடைக்காத வாதம் தானாகவே பின்னுக்குச் செல்லும். 95 சதவீத நம்பகத்தில், 1-க்கு 1 பெற்ற வாதத்தின் கீழ் எல்லை சுமார் 0.21. 10-க்கு 10 பெற்றதற்குச் சுமார் 0.72. 100-க்கு 90 பெற்றதற்குச் சுமார் 0.83. சான்று கூடக்கூட மதிப்பெண் உயர்கிறது. ரெடிட் தளம் 2009-இல் கருத்துகளை வரிசைப்படுத்த இந்தச் சூத்திரத்தைக் கையாண்டது.

காலத்தை எப்படிக் கையாள்வது என்பதும் ஒரு தேர்வே. ரெடிட் முன்பு வெளியிட்ட நிரலின்படி, அதன் முகப்பு வரிசையில் 12.5 மணி நேரம் பிந்தி வந்த பதிவு, முந்தைய பதிவின் வாக்குகளில் பத்தில் ஒரு பங்கு பெற்றாலே அதற்குச் சமமாக நிற்கும். செய்திகளுக்கு இது பொருந்தும், ஏனெனில் பழைய செய்திக்குப் பயன் குறைவு. வாதத்துக்கு அது பொருந்தாது. மறுக்கப்படாத ஒரு வாதம் பத்தாண்டு ஆனாலும் வலிமை இழப்பதில்லை. ஆகவே வாதங்களுக்கென அமைந்த தளங்கள் புதுமைக்குச் சலுகை தராமல் இருப்பதே முறை.

இரண்டிரண்டாக ஒப்பிடுதல்

ஒரு வாதத்துக்குத் தனியாக மதிப்பெண் இடச் சொன்னால் ஒருவரின் ‘நன்று’ இன்னொருவரின் ‘மிக நன்று’ ஆகிவிடும். இரண்டு வாதங்களைக் காட்டி எது வலுவானது என்று கேட்டால் இந்தக் குழப்பம் மறைகிறது. உளவியலாளர் லூயி தர்ஸ்டன் 1927-இல் இத்தகைய இணை ஒப்பீடுகளிலிருந்து பொதுவான அளவுகோலை உருவாக்கும் வழியைக் காட்டினார். 1952-இல் ரால்ஃப் பிராட்லி, மில்டன் டெர்ரி இருவரும் அதற்கு எளிய நிகழ்தகவு வடிவம் தந்தனர். ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு வலிமை எண் உண்டு. இரண்டு மோதும்போது ஒன்று வெல்லும் வாய்ப்பு, இரண்டின் கூட்டுத்தொகையில் அதன் வலிமைக்குள்ள பங்குக்குச் சமம். சதுரங்க வீரர்களுக்குத் தரும் ஈலோ மதிப்பீடும் இதே அடிப்படையில் அமைந்தது.

20 வாதங்கள் இருந்தால் 190 இணைகள் உண்டாகும். யாரும் அத்தனையையும் ஒப்பிட வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தம்மால் முடிந்த அளவு ஒப்பிட்டால், விடுபட்டவற்றை மாதிரி ஈடுசெய்துகொள்ளும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மேத்யூ சல்கானிக் குழுவினர் உருவாக்கிய ‘ஆல் அவர் ஐடியாஸ்’ தளம் இம்முறையில் இயங்கியது. பங்கேற்பவர் ஒப்பிடுவதோடு தம் சொந்த யோசனையையும் சேர்க்கலாம், அமைப்பாளர் ஏற்றால் அதுவும் போட்டிக்குள் வரும். நியூயார்க் மாநகர நிர்வாகம் தன் நீண்டகால வளர்ச்சித் திட்டத்துக்கு இதைப் பயன்படுத்தியபோது, அதிகாரிகள் பட்டியலிட்ட யோசனைகளைவிட மக்கள் சேர்த்தவை பல மேலிடங்களைப் பிடித்தன. கேள்வி கேட்பவருக்குத் தெரியாத விடைகளும் வெளிவர வேண்டுமானால் பட்டியல் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஒப்பீட்டு முறைக்கு ஓர் ஆழமான வரம்பு உண்டு. பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே 1785-இல் அதைச் சுட்டிக்காட்டினார். மூவரில் ஒருவர் அ, ஆ, இ என்றும், இரண்டாமவர் ஆ, இ, அ என்றும், மூன்றாமவர் இ, அ, ஆ என்றும் வரிசைப்படுத்துவதாகக் கொள்ளலாம். அப்போது பெரும்பான்மை ‘அ’வை ‘ஆ’வுக்கு மேலாகவும், ‘ஆ’வை ‘இ’க்கு மேலாகவும், ‘இ’யை ‘அ’வுக்கு மேலாகவும் வைக்கும். ஒவ்வொருவரின் வரிசையும் சீராக இருந்தும் கூட்டத்தின் வரிசை வட்டமாகச் சுழல்கிறது. 1951-இல் கென்னத் ஆரோ இதைப் பொதுமைப்படுத்தினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருக்கும்போது, நியாயமானவை என்று தோன்றும் சில நிபந்தனைகள் அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை முறை எதுவும் இருக்க முடியாது என்று அவர் நிறுவினார். எந்தத் தளத்தின் வரிசையும் ‘மக்களின் ஒரே வரிசை’ ஆகிவிட முடியாது என்பதற்குக் கணிதம் தரும் நிரூபணம் இது.

வாதத்தின் தாங்குவலிமை

எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு, தாக்குதல்களை ஒரு வாதம் எப்படித் தாங்குகிறது என்பதை மட்டும் அளக்க முடியுமா? தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பான் மின் டுங் 1995-இல் இதற்கு வழிவகுத்தார். வாதத்தின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல், எது எதைத் தாக்குகிறது என்ற வலையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். யாராலும் தாக்கப்படாத வாதம் ஏற்கத்தக்கது. ஏற்கத்தக்க வாதத்தால் தாக்கப்படுவது நிராகரிக்கத்தக்கது. தன்னைத் தாக்கும் வாதங்கள் அனைத்தும் நிராகரிக்கப்பட்டால், தாக்கப்பட்ட வாதம் மீண்டும் உயிர்பெறும். இந்த விதிகளைப் படிப்படியாகப் பொருத்தினால் எந்தெந்த வாதங்கள் இறுதியில் நிற்கின்றன என்பது தெரியும். செயற்கை நுண்ணறிவில் வாதவியல் என்ற துறை விரிந்து வளர இந்த ஆய்வு அடித்தளமானது.

நிற்கிறதா விழுகிறதா என்ற இருநிலைக்குப் பதிலாகப் படித்தர வலிமையைத் தரும் சூத்திரத்தை பிலிப் பெனார், அந்தோனி ஹண்டர் இருவரும் 2001-இல் தந்தனர். ஒரு வாதத்தைத் தாக்குபவற்றின் வலிமைகளைக் கூட்டி, அதோடு 1 சேர்த்து, 1-ஐ அதனால் வகுக்க வேண்டும். நெரிசல் கட்டண விவாதத்தில் ஒரு சிறு பகுதி இப்படி அமையலாம். முதல் வாதம்: ‘கட்டணம் வருமானம் குறைந்தவர்களையே அழுத்தும், எனவே கூடாது.’ அதன் மறுப்பு: ‘அவர்களில் பெரும்பாலோர் பேருந்தில் வருகிறார்கள், கட்டணம் அவர்களைத் தொடாது.’ மறுப்பின் மறுப்பு: ‘புறநகரில் பேருந்து போதாததால் கடன் வாங்கிக் கார் வைத்திருப்போர் இருக்கிறார்கள்.’ கடைசி வாதத்தை யாரும் தாக்கவில்லை, எனவே அதன் வலிமை 1. நடுவில் உள்ளதற்கு 1-ஐ 2-ஆல் வகுக்க 0.5. முதல் வாதத்துக்கு 1-ஐ 1.5-ஆல் வகுக்கச் சுமார் 0.67. மறுப்பு மட்டும் இருந்தபோது 0.5 ஆக இருந்த முதல் வாதம், அந்த மறுப்பு அடிபட்டதும் எழுந்து நிற்கிறது.

இக்கணக்கில் வாக்கு ஒன்றுகூட இல்லை. சிறுபான்மையினர் சொன்ன, யாரும் மறுக்க முடியாத வாதம் இங்கே முழு வலிமை பெறும். அதனால் இது கவர்ச்சியான முறை. ஆனால் மறுப்பு என்று எழுதப்பட்டதெல்லாம் உண்மையில் மறுப்பாகிவிடாது. பொருந்தாத நூறு தாக்குதல்களை ஒருவர் எழுதிக் குவித்தால் நல்ல வாதமும் வலிமை இழக்கும். எனவே எது செல்லுபடியாகும் தாக்குதல் என்று தீர்மானிக்க மனித மதிப்பீடு வேண்டியிருக்கிறது. அது நெறியாளர் வழியாகவோ வாக்கு வழியாகவோ மீண்டும் உள்ளே வருகிறது.

கூட்டத்தின் அறிவு எப்போது செல்லும்

வாக்கை நம்புவதற்கு வலுவான காரணமும் கொந்தோர்சேயிடமிருந்தே கிடைக்கிறது. ஆம், இல்லை என்று விடை கொண்ட ஒரு கேள்விக்கு ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 60 சதவீதம் என்று கொண்டால், மூவரின் பெரும்பான்மை சரியாக இருக்கும் வாய்ப்பு 64.8 சதவீதம். 101 பேரானால் அது சுமார் 98 சதவீதம். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஒருவர் முடிவு இன்னொருவரைச் சாராதிருக்க வேண்டும். முதல் நிபந்தனை தவறினால், கூட்டம் பெருகப் பெருகத் தவறுக்கான உறுதியே பெருகும். இரண்டாவது தவறினால் நூறு வாக்குகள் சில வாக்குகளின் எதிரொலியாகச் சுருங்கிவிடும்.

வாக்கு எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும் தளத்தில் இரண்டாவது நிபந்தனை எளிதில் உடைகிறது. சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட சோதனையில் 14,341 பேர் பங்கேற்று, அறிமுகமில்லாத 48 பாடல்களைக் கேட்டனர். சிலருக்கு மற்றவர்கள் எதைத் தரவிறக்கினார்கள் என்பது தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எட்டுத் தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு குழுவிலும் வேறு வேறு பாடல்கள் முன்னணிக்கு வந்தன. மிக நல்லவை அரிதாகவே தோற்றன, மிக மோசமானவை அரிதாகவே வென்றன. இடைப்பட்டவற்றின் கதியை ஆரம்பத் தற்செயலே தீர்மானித்தது.

2013-இல் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகக் கருத்துகளிலேயே சோதித்தது. ஒரு செய்தித் தளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றில் சிலவற்றுக்குத் தோன்றிய உடனே ஓர் ஆதரவு வாக்கும், சிலவற்றுக்கு ஓர் எதிர்ப்பு வாக்கும் தற்செயல் முறையில் இடப்பட்டன. செயற்கையாகக் கிடைத்த அந்த ஒரே ஆதரவு வாக்கு, அடுத்துப் படித்தவர் ஆதரிக்கும் வாய்ப்பை 32 சதவீதம் உயர்த்தியது. இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் கூடியது. எதிர்ப்பு வாக்கின் விளைவை மற்றவர்கள் பெரும்பாலும் சரிசெய்துவிட்டார்கள். ஆதரவின் விளைவு மட்டும் குவிந்துகொண்டே போனது.

இதிலிருந்து தள அமைப்புக்குத் தெளிவான பாடங்கள் கிடைக்கின்றன. வாக்களிக்கும் வரை எண்ணிக்கையை மறைத்து வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் வாதங்களைத் தற்செயல் வரிசையில் காட்டலாம். புதிதாக வந்த வாதம் குறைந்தபட்ச அளவு வாசகர்களை அடையும்வரை அதன் இடத்தை முடிவு செய்யாமல் இருக்கலாம். எழுதியவர் பெயரை மறைப்பதும் உதவும்.

தரப்புகளுக்கு இடையே பாலம்

பெரும்பான்மை வாக்கால் அடுக்கினால், பெரிய தரப்பின் உணர்ச்சிகரமான வாதமே மேலே வரும். சிறிய தரப்பு தளத்தைவிட்டு விலகும், விவாதம் அணிவகுப்பாக மாறும். இதற்கு மாற்றாக எழுந்ததே பால வரிசை. பொதுவாக உடன்படாதவர்கள் எந்தக் கூற்றில் உடன்படுகிறார்களோ அதை மேலே வைப்பது அதன் விதி.

2012-இல் சியாட்டிலில் தொடங்கிய போலிஸ் (Polis) என்ற தளம் இதற்கு முன்னோடி. அதில் பதில் எழுதும் வசதி கிடையாது. ஒருவர் சிறு கூற்றை எழுதலாம். மற்றவர்கள் உடன்படுகிறேன், உடன்படவில்லை, கடந்துசெல்கிறேன் என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். பதில் இல்லாததால் வசைக்கு வழி அடைபடுகிறது, மறுக்க விரும்புபவர் இன்னும் நல்ல கூற்றை எழுத வேண்டியதாகிறது. ஆட்கள் ஒருபுறம், கூற்றுகள் மறுபுறம் என்று வாக்குகள் பெரிய அட்டவணையாகின்றன. முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறை அதை இரு பரிமாணப் படமாகச் சுருக்குகிறது. ஒத்த வாக்குகள் இட்டவர்கள் அருகருகே விழுகிறார்கள், அவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்படுகிறார்கள். தரப்புகளை யாரும் முன்கூட்டி வரையறுப்பதில்லை. வாக்குகளே அவற்றைக் காட்டுகின்றன.

பிறகு ஒவ்வொரு குழுவிலும் உடன்பாட்டின் விகிதம் கணக்கிடப்பட்டு, அவை ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. பங்கேற்பவர்களில் 75 சதவீதம் பேர் பெரிய குழுவிலும் 25 சதவீதம் பேர் சிறிய குழுவிலும் இருப்பதாகக் கொள்ளலாம். ஒரு கூற்றைப் பெரிய குழுவில் 90 சதவீதமும் சிறிய குழுவில் 20 சதவீதமும் ஏற்றால், மொத்த ஆதரவு 72.5 சதவீதம், பெருக்கல் பலன் 0.18. இன்னொரு கூற்றை இரு குழுக்களிலும் 65 சதவீதம் ஏற்றால், மொத்த ஆதரவு 65 சதவீதமே, பெருக்கல் பலனோ சுமார் 0.42. எண்ணிக்கையில் முந்திய கூற்று பாலக் கணக்கில் பிந்துகிறது. ஒரே குழுவில் ஆள் சேர்ப்பதால் பயனில்லை என்பது இதன் கூடுதல் பலம்.

இந்த முறை அரசாங்க முடிவில் பங்கு பெற்ற இடம் தைவான். 2014 மார்ச்சில் சீனாவுடனான சேவை வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து மாணவர்கள் தைவான் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்தனர். சூரியகாந்தி இயக்கம் எனப்படும் அந்தப் போராட்டத்துக்குப் பின், குடிமைத் தொழில்நுட்ப ஆர்வலர்களும் அரசும் சேர்ந்து வி-தைவான் என்ற கலந்தாய்வு முறையை உருவாக்கினர். அதில் முக்கியப் பங்காற்றிய ஆட்ரி டாங் 2016-இல் அமைச்சரானார். 2015-இல் ஊபர் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற கேள்வி போலிஸ் வழியாக விவாதிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஊபரை ஆதரிப்போர், டாக்ஸி ஓட்டுநர்களை ஆதரிப்போர் என இரு அணிகள் தெளிவாகப் பிரிந்து நின்றன. நாள் செல்லச் செல்ல, பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது போன்ற கூற்றுகள் இரு அணிகளின் ஆதரவையும் பெற்று மேலே வந்தன. பின்னர் நேரலைக் கூட்டத்தில் அரசும் நிறுவனமும் ஓட்டுநர் தரப்பும் அவற்றை முன்வைத்துப் பேசின. 2016-இல் பல்வகை டாக்ஸிகளுக்கு இடமளிக்கும் புதிய விதிகள் வந்தன. ஆனால் வி-தைவானின் முடிவுகள் சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்துபவை அல்ல. எல்லாப் பிரச்சினைகளும் இப்படி முடிவை எட்டிவிடவும் இல்லை.

டுவிட்டர் 2021 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கிய, இன்று கம்யூனிட்டி நோட்ஸ் எனப்படும் திட்டமும் இதே கொள்கையைப் பின்பற்றுகிறது. தவறான பதிவுகளுக்குப் பயனர்கள் விளக்கக் குறிப்பு எழுதுகிறார்கள், மற்றவர்கள் அது உதவிகரமானதா என்று மதிப்பிடுகிறார்கள். ஒரு மதிப்பீட்டை நான்கு பகுதிகளின் கூட்டாகக் கணக்கு பார்க்கிறது: பொதுச் சராசரி, மதிப்பிடுபவரின் தாராள மனம், மதிப்பிடுபவருக்கும் குறிப்புக்கும் உள்ள சார்பின் பொருத்தம், குறிப்பின் சொந்தத் தரம். சார்பால் விளக்கக்கூடிய ஆதரவு மூன்றாவது பகுதிக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகும் எஞ்சும் ஆதரவே நான்காவது. அது நிர்ணயித்த அளவைத் தாண்டினால்தான் குறிப்பு பொதுமக்களுக்குக் காட்டப்படும். நிரலும் தரவும் வெளிப்படையாக வைக்கப்பட்டிருப்பதால் வெளி ஆய்வாளர்கள் அதைச் சரிபார்க்க முடிகிறது.

பால வரிசைக்கும் விலை உண்டு. யாரையும் உறுத்தாத மேம்போக்கான கூற்றுகள் அதில் எளிதில் மேலேறும். கூர்மையான, ஒரு தரப்புக்குக் கசப்பான உண்மை கீழே தங்கிவிடலாம். ஆழமாகப் பிளவுபட்ட விஷயங்களில், உடன்பாடு எட்டப்படாததால் குறிப்பு எதுவும் வெளிவராமல் போகலாம்.

மனமாற்றத்தை அளத்தல்

இன்னொரு அளவுகோல், வாதத்தால் யாராவது மனம் மாறினார்களா என்பது. ரெடிட்டில் 2013-இல் தொடங்கிய ‘சேஞ்ச் மை வியூ’ குழுவில், ஒருவர் தம் நிலைப்பாட்டை எழுதி மறுக்குமாறு அழைக்கிறார். மறுப்பு தம் எண்ணத்தை மாற்றியது என்று அவர் கருதினால், எழுதியவருக்கு ஓர் அடையாளக் குறியை வழங்குகிறார். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இந்த உரையாடல்களை ஆராய்ந்தபோது, மனமாற்றம் பெரும்பாலும் முதல் சில பரிமாற்றங்களுக்குள்ளேயே நிகழ்வதும், ஐந்து சுற்றுகளுக்கு மேல் நீண்டால் அதற்கான வாய்ப்பு மிக அரிதாவதும் தெரிந்தது. மூலப் பதிவில் இல்லாத புதிய சொற்களைக் கொண்டுவந்த மறுப்புகளுக்கு வெற்றி அதிகம். அதே கோணத்தைச் சுற்றிச் சுழல்வதைவிட வேறு கோணத்தைத் திறப்பது பயன்தருகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மேடை விவாதத்திலும் இவ்வளவீடு கையாளப்படுகிறது. 2019 பிப்ரவரியில் ஐபிஎம் நிறுவனத்தின் விவாதக் கணினியும் விவாத வல்லுநர் ஹரீஷ் நடராஜனும், மழலையர் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாமா என்று மோதினர். தொடக்கத்தில் அவையில் 79 சதவீதம் பேர் மானியத்தை ஆதரித்தனர், 13 சதவீதம் பேர் எதிர்த்தனர். முடிவில் ஆதரவு 62, எதிர்ப்பு 30 சதவீதம் ஆனது. பெரும்பான்மை கடைசிவரை மானியத்தின் பக்கமே இருந்தும், அதை எதிர்த்துப் பேசிய நடராஜனே வென்றதாக முடிவு செய்யப்பட்டது. முதலிலிருந்தே உடன்பட்டவர்களின் கைதட்டலை இம்முறை வெற்றியாக எண்ணுவதில்லை.

வரிசையைக் கெடுப்பவை

போலிக் கணக்குகள் இத்தளங்களின் முதல் எதிரி. ஒருவர் நூறு பெயரில் வாக்களிக்கும் உத்தி எண்ணிக்கை முறைகளை எளிதில் வீழ்த்தும். அடையாளச் சரிபார்ப்பு அதைத் தடுக்கும், ஆனால் அஞ்சி வாழும் சிறுபான்மையினர் வாய்திறப்பதையும் தடுத்துவிடும். பங்கேற்பின் சாய்வு இரண்டாவது சிக்கல். இணையத்தில் விவாதிக்க நேரமும் வசதியும் உள்ளவர்கள் மக்கள்தொகையின் சரியான மாதிரி அல்லர். தற்செயல் முறையில் குடிமக்களைத் தேர்ந்து அழைக்கும் மன்றங்களோடு தளத்தை இணைப்பதே இதற்குத் தக்க மருந்து.

செயற்கை நுண்ணறிவு புதிய வாய்ப்பையும் புதிய ஆபத்தையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறது. 2024-இல் கூகுள் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் பிரிட்டனில் 5,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்திய ஆய்வில், குழுவின் மாறுபட்ட கருத்துகளிலிருந்து மொழி மாதிரி எழுதிய பொது அறிக்கைகளை, மனித நடுவர்கள் எழுதியவற்றைவிடப் பங்கேற்பாளர்கள் அதிகம் விரும்பினர். மாறாக 2025-இல், ‘சேஞ்ச் மை வியூ’ குழுவில் ஆய்வாளர்கள் உறுப்பினர்களுக்குத் தெரியாமல் இயந்திரம் எழுதிய வாதங்களைப் பதிவிட்டது வெளியானபோது கடும் கண்டனம் எழுந்தது. வாதத்தை எழுதுபவர் மனிதரா என்று தெரியாத இடத்தில் வாக்குக்கும் மனமாற்றத்துக்கும் பொருள் குறைகிறது.

வரிசை சொல்லாதது

ஸ்டாக்ஹோம் நகரம் 2006-இன் முதல் ஏழு மாதங்களில் நெரிசல் கட்டணத்தைச் சோதனையாக விதித்தது. சோதனைக்கு முன் பெரும்பான்மையினர் அதை எதிர்த்தனர். கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் நகர மக்கள் சிறு பெரும்பான்மையில் கட்டணத்தை ஏற்றனர். 2007-இல் அது நிரந்தரமானது. சோதனைக்கு முன் ஒரு தளத்தில் வாதங்களை வாக்கால் அடுக்கியிருந்தால், ‘இது நெரிசலைக் குறைக்காது’ என்பது மேலே நின்றிருக்கக்கூடும். அந்த வாதம் உண்மையா என்பதைத் தீர்த்தது வாக்கு அல்ல, சாலையில் எடுத்த அளவீடு.

ஒவ்வொரு சர்ச்சையிலும் இரு வகை வாதங்கள் கலந்துள்ளன. ‘கட்டணம் நெரிசலைக் குறைக்கும்’ என்பது உலகைப் பற்றிய கூற்று. அதைச் சான்றும் சோதனையுமே முடிவு செய்ய வேண்டும். இங்கே தளத்தின் வேலை, எந்தச் சான்று இன்னும் தேவை என்று வெளிச்சமிட்டுக் காட்டுவது. ‘பொதுச் சாலையைப் பயன்படுத்த விலை வைப்பது நியாயமா?’ என்பது மதிப்பீடு பற்றியது. இங்கே மக்களின் தீர்ப்புக்கு உரிமையான இடம் உண்டு, தரப்புகளுக்கு இடையே பாலம் தேடும் கணக்குக்கும் பயன் உண்டு. வாதங்களுக்கு இடையிலான முரண்களைச் சரிபார்க்கத் தாக்குதல் வலை உதவும். புதிய யோசனைகளைச் சலித்தெடுக்க இணை ஒப்பீடு உதவும். ஒரு வாதம் கேட்பவர் மனத்தை எட்டியதா என்று அறிய முன்பின் வாக்கெடுப்பு உதவும்.

எந்தக் கேள்விக்கு எந்த அளவுகோல் என்பதைத் தளத்தை அமைப்பவர்கள் தேர்கிறார்கள். அந்தத் தேர்வு மறைவாக இருக்கும்வரை வரிசையின் உச்சியில் நிற்கும் வாதம் வெறும் எண்ணால் பெருமை பெறும். நம்பத்தகுந்த விவாதத் தளம், தன் வரிசை எதை அளக்கிறது என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டும். கணக்கீட்டு முறையை வெளியிட வேண்டும். ஒரே வாதத்தொகுதியை வெவ்வேறு அளவுகோல்களால் மாற்றி அடுக்கிப் பார்க்க வாசகரை அனுமதிக்க வேண்டும். அப்படிச் செய்யும் தளத்தில் வாசகர் முதலிடத்தைத் தீர்ப்பாக ஏற்காமல், அடுத்து எதைக் கேட்டு ஆராய வேண்டும் என்பதற்கான வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள முடியும்.